ஐந்து லிட்டர் ஆவி

முதலில் ஓர் உரசல். பின்னாலேயே ஒரு தட்டல்.

கர்ர்ர்... டொக்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த நால்வரில் விருந்தாளிகள் இருவரும் தலையை நிமிர்த்தினார்கள். வீட்டுக்காரர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்தச் சத்தம் இந்த வீட்டுக்குப் பழசு என்பது விருந்தாளிகளில் ஒருவனான லொள்ளுக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

"தம்பிதான்," என்றார் வீட்டுக்காரர்களில் மூத்தவர், தபால்காரர் வந்ததைச் சொல்வது போல. "காத்து கிளம்பினா அவனும் கிளம்பிடுவான். ஒரு வருஷமா ஷெட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கான். யாரு போய்த் திறக்கறா?"

ஆவி என்றால் சுவர் வழியாகவே வந்துவிடலாமே, கதவைத் தட்டுகிற மரியாதையெல்லாம் எதற்கு என்று கேட்க லொள்ளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டும் இருப்பான். அதற்குள் அவனுடைய முதலாளி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்துவிட்டார். அவர் வேகமாகச் செய்யும் ஒரே காரியம் அதுதான்.

முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்து விசாரித்துத் தலை நரைத்த பிறகு, அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பிய பெண்மணி. ஒரு கதவைக் கண்டால் உடனே திறந்துவிட மாட்டார். முதலில் அதன் கீலைப் பார்ப்பார். உதவியாளனான லொள்ளு இதற்குமுன் ஸ்கூட்டர் விற்கும் கடையில் இருந்தான். வந்தவர்களையெல்லாம் கிண்டல் பண்ணியே விரட்டினான் என்று கடைக்காரர் அவனை விரட்டிவிட்டார்.

இவர்களைக் கூப்பிட்டவள் எதிரே உட்கார்ந்திருந்த இளையவள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவள் குரலைக் கேட்டுத்தான் ஊரே ஓடும். கணவர் இறந்த பிறகு அந்த மைக்கின் முன்னால் உட்கார முடியவில்லை என்று, தொலைந்த சாமான்களை வைக்கும் அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். இப்போது யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவே வாய் திறக்காமல் பொழுதைத் தள்ளுகிறாள். வீட்டிலும் அப்படித்தான். ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் உள்ளேயே அதை நாலு தடவை புரட்டிப் பார்க்கிறாள் என்று தோன்றும்.

கணவர் பல் டாக்டர். அவரைவிட வயதான ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் இருந்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம், எஞ்சின் பின்பக்கம், அவருக்கு அது முதல் தாரம் மாதிரி. போன வருஷம் ஒரு காலையில் அந்த வண்டியை வைத்துத்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை முற்றியது. அவள் ஒன்று சொன்னாள். அவர் பேசாமல் எழுந்து ஷெட்டுக்குப் போனார். யாரோ போய்ப் பார்த்தபோது ஷெட்டுக் கதவு சாத்தியிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் சீட்டில் அவர் உயிரில்லாமல் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே உயிரை விட்டார் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது.

அவள் சொன்னது இதுதான்: "அந்த வண்டிக்குள்ளயே கிடங்க. வெளியவே வர வேணாம்."

அவர் அப்படியே செய்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். நிதானத்தை வேலைக்கு அமர்த்தியபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அவர் எப்படிப் போனார்னு நான் கேக்கலை, மேடம். என் வார்த்தையாலயா போனார்? அது மட்டும் தெரியணும்."

மூத்தவருக்கு அதில் சந்தேகமே கிடையாது. இறந்தவரின் அக்கா அவர், அறிவிப்பாளருக்கு நாத்தனார். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். சோறு போடும்போதும், துணி மடிக்கும்போதும், கோபம்கூட இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்: உன் நாக்குதான் அவனைக் கொன்னுது. இன்றும் விருந்தாளிகள் முன்னால் சொன்னார். "சும்மா சொல்லலை. வெளிக் குழாயடியில நின்ன எனக்கே அது கேட்டுது."

அறிவிப்பாளர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் கைகள் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. லொள்ளுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இதுவரை கையில் கிடைத்தது ஒரு நூல் முனைதான். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் அன்று காலையில் ஷெட்டிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை உருண்டு வருவதைப் பார்த்து, பல் டாக்டரைத் திட்டிக்கொண்டே ஜன்னலை அடைத்திருக்கிறார். அப்போது ஷெட்டுக் கதவு திறந்திருந்தது. மறுபடி ஜன்னலைத் திறந்தபோது சாத்தியிருந்தது. சாகப்போகிற மனிதர் கதவைச் சாத்திவிட்டுத்தானே எஞ்சினைப் போடுவார், இவர் என்ன தலைகீழாகப் போட்டிருக்கிறார் என்று லொள்ளு கேட்டான். நிதானம் நேரே அந்த வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் போனார். லொள்ளு வாசலில் ஸ்கூட்டர் பஞ்சரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் உள்ளே பேசியது எதுவும் அவன் காதில் விழவில்லை. வெளியே வந்தவர் சொன்னது கொஞ்சம்தான். எஞ்சின் ஆயில் அளவுக்கு மிஞ்சினால் அந்த மாதிரிப் புகையும். மெக்கானிக் சரியாகத்தான் ஊற்றியிருக்கிறார். பல் டாக்டர் ஒரு துளி அதிகமாக விட மாட்டார். அப்படியானால் மிச்சத்தை ஊற்றியது யார்?

நாத்தனார் டீ போடப் போனார். கூடப்போய் உதவி செய் என்று நிதானம் கண்ணைக் காட்டினார். உதவி என்றால் வேவு என்று அர்த்தம்.

சமையல்கட்டு கண்ணாடி மாதிரி இருந்தது. நாத்தனார் கெட்டிப் பால் டின்னை மேடையில் வைத்து, ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை மூடியில் நிறுத்தி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெரிய ஓட்டை. டின்னைத் திருப்பி எதிர்ப்பக்கம் லேசாக இன்னொரு தட்டு. சின்ன ஓட்டை.

"டின்னைப் பாம்பு கடிச்ச மாதிரி இருக்கேம்மா," என்றான் லொள்ளு.

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஒரு ஓட்டையில் காற்று உள்ளே போனால்தான் இன்னொன்றில் பால் ஒழுங்காக வரும், பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலத்தில் பழகிய பழக்கம் என்றார். அவரும் அவர் கணவரும் வேன் ஓட்டியவர்கள். கணவர் போனதும் வேனை விற்றுவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். வேன் பேச்சு எடுத்ததும் மனுஷிக்குக் குரலே மாறிவிட்டது. விடிந்ததும் முதல் வேலை எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பதுதான். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுத்தான் சாவி போடுவார். ஒரு நாள்கூட அந்த வேன் நடுரோட்டில் நின்றதில்லை.

"எந்த வண்டிக்கும் அதான் சட்டம்," என்றார். ஸ்க்ரூடிரைவரைக் கழுவித் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். "எடுத்த சாமானை எடுத்த இடத்துல வச்சிடணும். அதுவும் சட்டம்தான்."

டீ நல்ல தித்திப்பு. லொள்ளு இரண்டு டம்ளர் குடித்தான்.

அதன்பிறகு நிதானமும் லொள்ளும் ஷெட்டுக்குப் போனார்கள். அகலமான ஒற்றை மரக்கதவு. வண்டியில் தூசி படியக்கூடாது என்று பல் டாக்டர் கதவின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை அடித்திருந்தார். கீல் சாய்ந்திருந்ததால் விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளப் பார்த்தது. உள்ளே அன்றைக்குப் பிறகு யாரும் கால் வைக்கவில்லை, போலீஸோடு சரி. சிவப்பு வண்டி மூக்கைச் சுவரோரம் வைத்துக்கொண்டு, தண்டனை கொடுத்து நிற்கவைத்த பிள்ளை மாதிரி முதுகைக் காட்டி நின்றது. மேலெல்லாம் தூசி. டிரைவர் சீட்டின் தோலில் ஓர் ஆள் உட்கார்ந்து அமுங்கிய பள்ளம் அப்படியே இருந்தது.

பயம் வந்தால் லொள்ளுக்கு வாய் நீளும். டாக்டர் இப்பவும் உள்ளே இருந்தால் கடைவாய்ப் பல் ஒன்றைக் காட்டலாம் என்றிருக்கிறேன், ஓசியில் பார்ப்பாரா என்றெல்லாம் உளறிக்கொண்டே ஜன்னலுக்குள் எட்டிப்பார்த்தான். பக்கத்து சீட்டில் நாலாக மடித்த வெள்ளைத் துணி. அதன்மேல் நீளமான கம்பி ஒன்று, கிளினிக்கில் கருவிகளை அடுக்குவது போலச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது.

"ஆயில் கம்பி," என்றார் நிதானம். "எடுத்துப் போய் எவ்வளவு இருக்குன்னு பாரு."

லொள்ளு பின்பக்க மூடியைத் தூக்கினான். தேடிப்பிடித்துக் கம்பியை விட்டு உருவினான். துடைத்துவிட்டு மறுபடி விட்டான். கம்பி நுனி காய்ந்து கிடந்தது.

"ஜாஸ்தின்னீங்களே பாஸ். ஒரு சொட்டு இல்ல. ஒரு டின்னாவது ஊத்தணும்."

"ஊத்திடுவியா?"

"பின்ன? வண்டியைக் காயப்போடச் சொல்றீங்களா?"

"நீயும் மாட்டிக்கிட்ட," என்றார் நிதானம்.

காற்று இழுக்கும் குழாய்ப் பக்கம் இருந்த டப்பாவைத் திறந்து உள்ளே கைவிடச் சொன்னார். லொள்ளு விட்டான். மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்தது. வயிறு முட்டக் குடித்தவன் கக்கிய மாதிரி, எஞ்சின் கொள்ளாத எண்ணெய் அங்கே வந்து தேங்கியிருந்தது.

மெக்கானிக் சொன்னதை நிதானம் அப்போதுதான் அவிழ்த்தார். மற்ற வண்டிகளில் எண்ணெய் அடியிலேயே இருக்கும், ஆறிய பிறகு பார்த்தால் சரியாகக் காட்டும். இந்த வண்டிக்கு எண்ணெய்த் தொட்டி தனி. வண்டி சும்மா நின்றால் தொட்டியில் இருப்பது எஞ்சினுக்குள் இறங்கிப் பதுங்கிக்கொள்ளும். அப்போது கம்பியை விட்டால் காய்ந்துதான் வரும். எஞ்சினைப் போட்டு, நன்றாகச் சூடேறியதும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

"மத்த வண்டியைத் தூங்கும்போது பாக்கணும். இதை முழிச்சிருக்கும்போது பாக்கணும். தெரியாதவங்க யாரோ தூங்கும்போது பாத்துட்டாங்க. இல்லைன்னு நினைச்சு ஊத்திட்டாங்க."

லொள்ளு கையைத் துடைத்துக்கொண்டே டிரைவர் சீட்டைப் பார்த்தான். இப்போது அந்தப் பள்ளம் வேறு மாதிரித் தெரிந்தது. சண்டை போட்ட மனிதர் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று வண்டியைக் கிளப்பியிருக்கிறார். புகை கிளம்பியதும் யாரோ ஆயிலில் கைவைத்துவிட்டார்கள் என்று புரிந்திருக்கிறது. கம்பியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, புகைக்காக ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டி சூடாகட்டும் என்று சூடு காட்டும் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். புகை மூட்டத்திலும் எஞ்சின் இரைச்சலிலும் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவை அவர் கவனிக்கவே இல்லை.

"சாகப்போற மனுஷன் எண்ணெய் அளக்கத் துணி மடிச்சு வைப்பாரா?" என்றார் நிதானம்.

"சரி பாஸ். அப்போ கதவைச் சாத்தினது யாரு?"

கர்ர்ர்... டொக்.

அவன் பிடரிக்குப் பின்னால் கேட்டது. ஷெட் இருண்டுவிட்டது. லொள்ளு வண்டியோடு ஒட்டிக்கொண்டான். அடுத்த கிண்டல் எங்கே போனதென்றே தெரியவில்லை. நிதானம் நடந்துபோய்க் கதவைத் தள்ளித் திறந்தார். வெளிச்சத்தில், கதவின் காலடியில், சத்தம் போட்ட ஆவி நின்றுகொண்டிருந்தது. உயரமான ஓர் ஆயில் டின். ஐந்து லிட்டர் பிடிக்கும். தரையில் அது உரசி உரசி வளைவாக ஒரு கோடு விழுந்திருந்தது.

கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுத்த டின் அது. தினமும் காலையில் பல் டாக்டர் கதவைத் திறந்து, எண்ணெய் நிறைந்த டின்னை அணைத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார் என்று அறிவிப்பாளர் முன்பே சொல்லியிருந்தாள். லொள்ளு அதைத் தூக்கினான். எதிர்பார்த்த கனம் இல்லாததால் கை மேலே எகிறியது.

திருகு மூடியில் கம்பெனி வைத்த முத்திரை உடையவே இல்லை. வண்டி தெரிந்த எவனும் மூடியைத் திருகித்தான் திறப்பான். இதில் மூடிக்குப் பக்கத்தில் தகரத்தைக் குத்தி, ஒரு பெரிய ஓட்டை, எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை.

பாம்பு கடித்த மாதிரி.

டீயின் தித்திப்பு இன்னும் லொள்ளின் நாக்கில் இருந்தது. "பாஸ்," என்றான். டின்னைத் திருப்பி ஓட்டைகளைக் காட்டினான்.

"தெரியும்," என்றார் நிதானம். "குழாயடியில என்ன வேலைன்னு அப்பவே யோசிச்சேன். கை கழுவியிருக்காங்க."

சண்டையைக் கேட்டுக்கொண்டு சமையல்கட்டில் நிற்கப் பிடிக்காமல் அந்த அம்மாள் இங்கே வந்திருக்கிறார். தம்பிக்கு ஏதாவது செய்யலாம் என்று கம்பியை உருவிப் பார்த்திருக்கிறார். காய்ந்திருந்தது. கண்ணெதிரே எண்ணெய் டின் இருந்தது. முழுவதையும் ஊற்றிவிட்டு, எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலி டின்னை.

டின்னில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார் நிதானம். லொள்ளு குழாயடியில் நின்று பெரிய ஓட்டை வழியாக நிரப்பினான். கதவோரம் வைத்தார்கள். காற்று வந்தது. கதவு முனகியது, நகரவில்லை.

அதன்பிறகுதான் அறிவிப்பாளரைக் கூப்பிட்டார்கள். அவள் வாசற்படியிலேயே தயங்கி நின்று, பிறகு உள்ளே வந்தாள். நிதானம் கம்பியைக் காட்டினார், துணியைக் காட்டினார், தண்ணீர் நிறைத்த டின் கதவைத் தாங்குவதைக் காட்டினார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"உங்க வார்த்தையால இல்லம்மா. அவர் சாகறதுக்காக உள்ள வரலை. டின்னு காலியா இருந்ததால காத்து கதவைச் சாத்திடுச்சு, அது அவருக்குத் தெரியாது."

அவள் வண்டியின் கூரைமேல் கையை வைத்தாள். தூசியில் ஐந்து விரலும் பதிந்தன. ஒரு வருஷத்து அழுகை சத்தமே இல்லாமல் வந்தது. லொள்ளு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவள் கேட்டாள். "டின்னு எப்படிக் காலியாச்சு?"

"நீங்க கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன். இதுக்கும் பதில் இருக்கு. வேணுமான்னு யோசிச்சுக் கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் டின்னின் தலையைப் பார்த்தாள். தினமும் சமையல்கட்டில் பார்க்கிற இரண்டு ஓட்டைகள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அன்னிக்கு அண்ணி ரொம்ப நேரம் கை கழுவிக்கிட்டு இருந்தாங்க," என்றாள். "என் குரலைக் கேக்கப் பிடிக்காமதான் தண்ணியைத் திறந்து விட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

உன் நாக்குதான் கொன்னுது. ஒரு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து விழுங்கிய வாக்கியம். அதைத் திருப்பிக் கொடுக்க இப்போது அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. பஸ் நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைக்கிற குரலும் இருந்தது. சொல்லட்டுமே, யார் தடுக்க முடியும் என்று லொள்ளு நினைத்தான். சொன்னால் அந்த மூத்தவர் அதற்குப்பிறகு உயிரோடு இருப்பாரா என்றும் நினைத்தான்.

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்து கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை.

"என்ன சொல்றாங்க?"

அறிவிப்பாளர் அவர் பக்கம் திரும்பினாள். வாய்க்குள் ஏதோ ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவைக் காத்துதான் சாத்தியிருக்கு, அண்ணி. அவர் சாத்தலை. வண்டி சூடாகறதுக்காக உக்காந்திருந்தார். அவ்வளவுதான்."

நாத்தனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "அவனா சாகலையா?"

"இல்ல."

"உன் மேல கோவத்துல இல்லையா?"

"இல்ல, அண்ணி."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்த அம்மாள் அழுத மாதிரி ஓர் அழுகையை லொள்ளு எங்கும் கேட்டதில்லை. உன்னை என்னென்ன சொல்லிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது இன்னொரு காற்று முற்றத்தைத் தாண்டி வந்தது. கதவு முனகிவிட்டு நின்றது. அவர் அதைப் பார்த்தார்.

"இவ்வளவு காத்துல இன்னிக்கு மட்டும் எப்படி நிக்குது?"

அவர் பார்வை கதவிலிருந்து கீழே இறங்கி, டின்னில் வந்து நின்றது. கை மெல்ல அதை நோக்கி நீண்டது. "இந்த டின்னை அன்னிக்கு நான்..."

அறிவிப்பாளர் முந்திக்கொண்டாள். குனிந்து டின்னின் காதில் இரண்டு விரலைக் கோத்து, நிறைந்த டின்னை, ஒற்றைக் கையால், வெறும் தகரத்தைத் தூக்குகிற மாதிரித் தூக்கிவிட்டாள்.

"காலி டின்னு, அண்ணி. இவ்வளவு நாளா தட்டிக்கிட்டு இருந்தது இதுதான். தூக்கிப் போட்டுட்டு வரேன்."

கதவு நகரத் தொடங்கியது. லொள்ளு பாய்ந்து முதுகைக் கொடுத்தான்.  முற்றத்தில் அவள் தோள் சாயாமல், கை வளையாமல் நடந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது, டின்னில் தண்ணீர் இருப்பது தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. காலி டின்னே கதவைத் தாங்கும் என்றால், அதைக் காலி பண்ணியவர் மேல் பழி இல்லை. நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து லிட்டர் கனம்தானே தாங்கிக்கொண்டிருந்தது என்று லொள்ளு நினைத்திருந்தான். முதுகில் சாய்ந்த கதவு அதைவிடக் கனமாக இருந்தது. அவள் சுவருக்கு அந்தப்பக்கம் போய் மறையும்வரை அவன் நகரவில்லை.